வைவாக்ஸ் ஒட்டுண்ணியின் மரபணுத் தரவில் பிழை தேடுதல்: இராமநாதபுரம் கடற்கரை மாதிரிகளுக்கான வழிமுறை

தமிழ்நாட்டில் மலேரியா நெடுங்காலம் விடாமல் நீடித்த இடங்களுள் இராமேசுவரம் தீவும் ஒன்று. வீட்டுக்கு வீடு உள்ள கிணறுகளும் மூடி சரியில்லாத தண்ணீர்த் தொட்டிகளும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி கொசு முட்டையிட இடம் கொடுக்கின்றன. ஆண்டு முழுவதும் வந்துபோகும் வெளிமாநில யாத்திரிகர்களும், கட்டுமான வேலைக்கு வருவோரும், மங்களூரு, கேரளம் என்று படகு வேலைக்குப் போய்த் திரும்பும் நம் ஊர் மீனவர்களும் ஒட்டுண்ணியைச் சுமந்து வர வாய்ப்புண்டு. இங்கே பெரும்பாலும் காணப்படுவது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். அதன் மரபணுப் பன்மையையும் இனத்தொகை அமைப்பையும் ஆராய முற்படும் மாணவர்களும் ஆய்வக நுட்பநரும் திரும்பத் திரும்பச் சந்திக்கும் கோளாறுகளை, அவை வெளிப்படும் அறிகுறியின்படி கீழே தொகுத்திருக்கிறேன்.

வரிசை வேண்டுமென்றே பின்னோக்கிச் செல்கிறது. கோளாறு நம் கண்ணில் படுவது கடைசியில், கணினித் திரையில். அது பிறந்த இடமோ பெரும்பாலும் இரத்தத் துளியை உலர்த்தி வைக்கும் வடிதாளிலோ, மாதிரி எடுத்த தெருவிலோ இருக்கும். ஆகவே படத்தில் தொடங்கி, அட்டவணை வழியாக, கருவி வரையும் உச்சிகளையும் ஜெல்லில் தெரியும் பட்டைகளையும் கடந்து, இரத்தத் துளி வரை போகலாம். இந்த வழிமுறை முழுவதற்கும் அடிப்படையான என் நிலைப்பாடு இது: ஒரு சிறிய கடற்கரைத் தொகுப்பில் ஏதேனும் 'அமைப்பு' தெரிந்தால், நாம் மாதிரி சேகரித்த விதம் அதை உண்டாக்கவில்லை என்று காட்டிய பிறகே அதை ஒட்டுண்ணியின் பெயரில் எழுத வேண்டும்.

தொடங்கும் முன் ஓர் உயிரியல் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மனித இரத்தத்தில் வாழும் பிளாஸ்மோடியத்துக்கு 14 குரோமோசோம்களும் ஒவ்வொரு படி மட்டுமே. கொசுவின் வயிற்றில் ஆண், பெண் அணுக்கள் இணைந்த குறுகிய நேரத்தில்தான் அது இருபடியாக இருக்கிறது. எனவே ஒரு நோயாளியின் மாதிரியில் மரபணுத் தொகுதியின் ஒரே இடத்தில் இரண்டு அல்லீல்கள் (அந்த இடத்தின் வெவ்வேறு வடிவங்கள்) உண்மையாகவே தெரிந்தால், அவருக்குள் குறைந்தது இரண்டு குளோன்கள் (மரபணு ஒன்றான ஒட்டுண்ணிக் கூட்டங்கள்) இருக்கின்றன என்று பொருள். தாவரம், விலங்கு ஆகியவற்றுக்கு எழுதப்பட்ட மென்பொருள்களில் 'இருபடி' என்ற அமைப்பை மாற்றாமல் விட்டுவிட்டால், அதன்பின் வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது. முதலில் அதைச் சரிபார்த்துவிடுங்கள்.

அறிகுறி: ஸ்ட்ரக்ச்சர் படம் இரண்டு நிறமாகத் தெளிவாகப் பிரிகிறது

ஸ்ட்ரக்ச்சர் என்பது மாதிரிகளை மரபணு ஒப்புமையின்படி தொகுதிகளாகப் பிரித்து நிறமிட்டுக் காட்டும் மென்பொருள். இத்தகைய படத்தைக் கண்டதும் மகிழ்ச்சி வருவது இயல்பு. தீவு ஒரு நிறம், பெருநிலப்பகுதி ஒரு நிறம் என்று பாம்பன் பாலமே எல்லையாக அமைந்துவிட்டால், கட்டுரைக்குத் தலைப்பே கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அப்போதுதான் நிதானம் தேவை.

முதலில் பார்க்க வேண்டியது, கே என்னும் தொகுதி எண்ணிக்கை எப்படித் தேர்வாயிற்று என்பது. 2005-இல் எவானோவும் உடன் ஆய்வாளர்களும் முன்மொழிந்த டெல்டா-கே முறை, ஒவ்வொரு கே மதிப்பையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளோடு ஒப்பிடுகிறது. கே ஒன்றாக இருக்கும்போது அதற்கு முந்தைய மதிப்பு கிடையாது என்பதால், 'இங்கே பிரிவே இல்லை' என்ற விடையை அந்த முறையால் ஒருபோதும் சொல்ல முடியாது. அமைப்பு மெலிதாக உள்ள தரவில் அது இரண்டு என்ற விடையை நோக்கிச் சாய்வதும் பலராலும் காட்டப்பட்டுவிட்டது. எனவே டெல்டா-கே வரைபடத்துடன், கே ஒன்று முதலான எல்லா மதிப்புகளுக்கும் கிடைத்த நிகழ்தகவின் சராசரியையும் அதன் சிதறலையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே உயர்வு அற்பமாக இருந்து, மறு ஓட்டங்களில் மாதிரிகள் நிறம் மாறிக்கொண்டே இருந்தால், உங்களிடம் இருப்பது ஒரே தொகுதிதான்.

இரண்டாவதாக, ஒரே பன்னிடக் கூறுவகை, அதாவது எல்லா இடங்களிலும் ஒரே அல்லீல்களைக் கொண்ட மாதிரிகள், எத்தனை என்று எண்ணுங்கள். தங்கச்சிமடத்தில் ஒரு தெருவில் சில வாரங்களுக்குள் பலருக்குக் காய்ச்சல் கண்டு, சுகாதார ஆய்வாளர் வீடு வீடாக இரத்தத் தடவல் எடுத்திருந்தால், அந்த மாதிரிகளில் பாதி ஒரே குளோனின் படிகளாக இருக்கக்கூடும். ஸ்ட்ரக்ச்சர் மென்பொருள், ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இடங்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. ஒரே குளோனின் பல படிகள் அந்த அனுமானத்தை முறித்துவிட, மென்பொருளும் அந்தத் தெருவை ஒரு தனி 'இனத்தொகை'யாக ஒதுக்கிவிடுகிறது. ஒவ்வொரு கூறுவகைக்கும் ஒரு மாதிரியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். பிரிவு மறைந்தால், நீங்கள் கண்டது ஒரு தெருவின் நோய்ப்பரவல். அதுவும் மதிப்புள்ள செய்தியே. கொசு ஒழிப்புப் பணியாளருக்கு அதுதான் அதிகம் பயன்படும். ஆனால் அதற்குப் பெயர் இனத்தொகை அமைப்பு ஆகாது.

மூன்றாவதாக, நிறங்களை ஊரின்படி அடுக்கியதைப் போலவே, மாதிரி எடுத்த மாதத்தின்படியும், பி.சி.ஆர். (டி.என்.ஏ.வைப் பெருக்கும் வினை) செய்த தட்டின்படியும், துண்டுகளின் நீளத்தை அளக்கும் தந்துகிக் கருவியில் ஓட்டிய நாளின்படியும் அடுக்கிப் பாருங்கள். தீவு மாதிரிகளை ஒரு ஆண்டிலும் கீழக்கரை, ஏர்வாடி மாதிரிகளை மறு ஆண்டிலும் ஓட்டியிருந்தால், கருவியின் அளவீடு ஓர் அடிமூலம் (டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து) நகர்ந்ததே இரண்டு நிறமாகத் தெரியக்கூடும். ஊர் வேறு, ஆண்டு வேறு, ஓட்டம் வேறு என மூன்றும் ஒன்றாகவே மாறியிருந்தால், எந்தப் புள்ளியியலும் அவற்றைப் பிரித்துத் தராது. இரண்டு ஓட்டங்களிலிருந்தும் சில மாதிரிகளைக் கலந்து மீண்டும் ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

இறுதியாக, எண்ணிக்கைச் சமநிலை. இராமேசுவரத்திலிருந்து எண்பது, தொண்டியிலிருந்து ஏழு என்று மாதிரிகள் இருந்தால் சிறிய குழு பெரியதற்குள் கரைந்துவிடும். பெரிய குழுவோ தேவையின்றிப் பிளவுபடும். பெரிய குழுவிலிருந்து சீரற்ற முறையில் சிறு பகுதிகளைப் பலமுறை எடுத்து ஓட்டிப் பார்த்து, முடிவு நிலைக்கிறதா என்று காண்க.

அறிகுறி: இணைப்புச் சமநிலையின்மை வலுவாகத் தெரிகிறது

வெவ்வேறு இடங்களின் அல்லீல்கள் தற்செயலாக அமையாமல் சேர்ந்தே காணப்படுவதுதான் இணைப்புச் சமநிலையின்மை. லியான் போன்ற மென்பொருள் தரும் தொடர்புச் சுட்டெண் சுழியத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தால், ஒட்டுண்ணிகள் தமக்குள் கலப்பது குறைவு, தன்கலப்பு அதிகம் என்று உடனே எழுதிவிடுகிறார்கள். சோதனையை மூன்று முறை செய்ய வேண்டும்: எல்லா மாதிரிகளோடும் ஒரு முறை, ஒற்றைக் குளோன் தொற்றுகளை மட்டும் வைத்து ஒரு முறை, ஒவ்வொரு கூறுவகையையும் ஒரே ஒரு முறை எண்ணி ஒரு முறை. மூன்றாவது சோதனையில் சமநிலையின்மை மறைந்துவிட்டால், அடியில் கலப்பு நடந்துகொண்டிருக்கிறது, மேலே சில குளோன்கள் அண்மையில் பெருகியிருக்கின்றன என்று கொள்ளலாம். மறையாமல் நின்றால், இரு வேறு மூலங்களிலிருந்து வந்த ஒட்டுண்ணிகளை ஒரே பையில் போட்டு எண்ணியிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்; வெளிமாநில யாத்திரிகரின் மாதிரியையும் உள்ளூர் மீனவரின் மாதிரியையும் 'இராமேசுவரம்' என்ற ஒரே பெயரில் சேர்த்தாலே இப்படி நேரும். மாதிரிப் படிவத்தில் கடந்த சில மாதப் பயண விவரம் இல்லையென்றால் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்த இடங்கள் இயல்பாகவே இணைந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அவற்றில் ஒன்றை நீக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும்.

கலப்புத் தொற்றுகளில் ஒவ்வோர் இடத்திலும் உயரமான உச்சியை மட்டும் எடுத்துக் கோத்து ஒரு கூறுவகையை உருவாக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இரண்டு குளோன்களும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கும்போது, ஓர் இடத்தில் முதல் குளோனின் அல்லீலும் அடுத்த இடத்தில் இரண்டாம் குளோனின் அல்லீலும் மேலோங்கி, உலகத்தில் எங்குமே இல்லாத ஓர் ஒட்டுண்ணி நம் அட்டவணையில் பிறந்துவிடுகிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரட்டை அல்லீல் உள்ளவற்றை ஏற்கலாம். அதற்கு மேல் உள்ளவற்றைக் கூறுவகைப் பகுப்பாய்விலிருந்து விலக்கிவிட்டு, அல்லீல் அலைவெண் கணக்கில் மட்டும் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அறிகுறி: எஃப்.எஸ்.டி. மதிப்பு மிகச் சிறியதாக வருகிறது

எஃப்.எஸ்.டி. என்பது குழுக்களுக்கிடையேயான மரபணு வேறுபாட்டின் அளவு. மைக்ரோசாட்டலைட் (சிறு அலகு திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதி) போன்ற பன்மை மிகுந்த குறியீடுகளில் இந்த மதிப்பு உயர்வதற்கு இடமே இல்லை. குழுக்களுக்குள் எதிர்பார்க்கப்படும் பன்மை 0.8 என்றால், இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக ஒரு அல்லீல்கூட இல்லாத நிலையிலும் எஃப்.எஸ்.டி. ஏறத்தாழ 0.2-ஐத் தாண்டாது. எனவே 0.08 என்ற எண்ணைப் பார்த்து 'வேறுபாடு சிறிது' என்று எழுதுவது தவறாகிவிடலாம். இந்தக் குறையைச் சரிசெய்யும் ஜோஸ்டின் டி அளவையோ, ஹெட்ரிக் திருத்திய அளவையோ அருகில் கொடுங்கள். மாதிரிகள் குறைவாக இருந்தால் அல்லீல் செறிவையும் சமமான எண்ணிக்கைக்குக் குறைத்துக் கணக்கிட்டே ஒப்பிட வேண்டும். எண்பது பேரிடம் அல்லீல் அதிகம், ஏழு பேரிடம் குறைவு என்பதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை.

அறிகுறி: நோயாளிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆனால் பன்மை குறையவில்லை

இது பெரும்பாலும் கோளாறே அல்ல. வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஹிப்னோசோயிட் என்ற உறங்குநிலையில் கல்லீரலில் தங்கி, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து எழுந்து வருகிறது. ஆகவே ஊரில் கொசுக்கடி குறைந்த பிறகும், பழைய தொற்றுகளின் பன்மை மக்களின் கல்லீரல்களில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இலங்கை, மியான்மர், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் வைவாக்ஸ் ஒட்டுண்ணிகளை மைக்ரோசாட்டலைட் கொண்டு ஒப்பிட்டு 2010-இல் வெளிவந்த ஆய்வும், இலங்கையில் நோய் மிகவும் குறைந்திருந்த காலத்தில்கூட ஒட்டுண்ணியின் பன்மை உயர்வாக இருந்ததைக் காட்டியது. மற்றொரு மலேரியா ஒட்டுண்ணியான பால்சிபாரத்துக்குப் பொருந்தும் 'பரவல் குறைந்தால் பன்மை குறையும்' என்ற எதிர்பார்ப்பை அப்படியே வைவாக்ஸ் மீது சுமத்துவதுதான் இங்கே பிழை.

அறிகுறி: தூரம் கூடினாலும் மரபணு வேறுபாடு கூடவில்லை

தூரத்துக்கும் மரபணு வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கும் மாண்டெல் சோதனையில் தொடர்பு கிடைக்கவில்லை என்றால், எந்தத் தூரத்தைக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். இராமேசுவரத்திலிருந்து தொண்டிக்கு வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் அது பாக்கு விரிகுடாவின் மேல் போகிறது. ஸ்டீபென்சி கொசு அப்படிக் கடல் தாண்டிப் பறப்பதில்லை. அதன் பறப்பு எல்லை ஊருக்குள்ளேயே முடிந்துவிடுவதால், ஒட்டுண்ணியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது மனித உடல்தான். அந்த மனிதரோ பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, இராமநாதபுரம், தேவிபட்டினம் வழியாகப் பேருந்தில் போகிறார். சாலைத் தூரத்தைவிடவும் போக்குவரத்தின் அடர்த்தி பொருத்தமான அளவு. திருமண உறவும் மீன் வியாபாரமும் உள்ள இரு ஊர்கள், தொலைவில் இருந்தாலும், ஒட்டுண்ணியின் கணக்கில் பக்கத்து ஊர்களே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் வேறு வேலை தேடிப் போவதும் வருவதும் இருப்பதால், அந்தக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளைத் தனித்தனியாகக் குறித்து வைப்பது நல்லது.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் கடல்வழியே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான் என்பதால், ஒட்டுண்ணிகள் இரு கரைக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்ற கருதுகோளுடன் சிலர் தொடங்குகிறார்கள். 2012 அக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டுத் தொற்று பதிவாகாததை அடுத்து, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாகச் சான்றளித்தது. அக்கரையில் இன்று ஒப்பிடுவதற்கு ஓர் உள்ளூர் இனத்தொகையே கிடையாது. ஒப்பிட வேண்டுமானால் பழைய மாதிரிகளோடுதான் முடியும், அப்போது கால வேறுபாட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே 2016-இன் இறுதியில் மன்னாரில் ஸ்டீபென்சி கொசு கண்டறியப்பட்டது வேறு செய்தி. கொசுவின் மரபணுத் தொடர்பை ஒட்டுண்ணியின் தொடர்புக்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

அறிகுறி: ஒரு மரபணு 'பிரிவு உண்டு' என்கிறது, மற்றொன்று 'இல்லை' என்கிறது

ஏ.எம்.ஏ.-1, எம்.எஸ்.பி.-1 போன்ற மேற்பரப்புப் புரத மரபணுக்கள் மனித நோயெதிர்ப்பின் நேரடிப் பார்வையில் இருப்பவை. அரிதான வடிவம் தப்பிப் பிழைப்பதால் பல வடிவங்களும் எல்லா ஊர்களிலும் சமநிலையில் நீடிக்கின்றன. அதனால் ஊர்களுக்கிடையே வேறுபாடு இருந்தாலும் அவை அதை மறைத்துவிடும். டி.எச்.எஃப்.ஆர். போன்ற மருந்து எதிர்ப்பு மரபணுக்களோ, ஒரே வடிவம் வேகமாகப் பரவிய தடத்தைக் காட்டும். இனத்தொகை அமைப்பைக் கேட்க வேண்டியது தேர்வழுத்தம் இல்லாத குறியீடுகளிடம். மற்றவை வேறு கேள்விகளுக்கு உரியவை. மருந்து எதிர்ப்போடு தொடர்புபடுத்தப்படும் எம்.டி.ஆர்.-1 மரபணுவில் 976-ஆம் இடத்து மாற்றம் கிடைத்தது என்பதற்காக மட்டும் குளோரோகுயின் மருந்து இங்கே பலிக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அதை நோயாளியைத் தொடர்ந்து கண்காணித்துத்தான் சொல்ல முடியும்.

முழு மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்தியோருக்கு ஒரு சொல். 2008-இல் வெளிவந்த சால்வடார்-1 மேற்கோள் மரபணுத் தொகுதியை (ஒப்பிடுவதற்கான அடிப்படை வரிசையை) வைத்துக் கண்ட வேறுபாடுகளையும், 2016-இல் வந்த பி-01 தொகுதியை வைத்துக் கண்டவற்றையும் ஒரே அட்டவணையில் சேர்க்காதீர்கள். மூலத் தரவை ஒரே தொகுதியின் மேல் மீண்டும் பொருத்துங்கள். 2022-இல் வெளியான 1,895 மாதிரிகள் கொண்ட திறந்த உலகத் தொகுப்போடு ஒப்பிடும்போதும் இதுவே விதி. குரோமோசோம் நுனிப் பகுதிகளை நீக்காமல் ஓட்டினால் கலப்புத் தொற்றுகள் போலியாகப் பெருகும்.

அறிகுறி: மீண்டும் காய்ச்சல் வந்தவரிடம் வேறு கூறுவகை காணப்படுகிறது

பால்சிபாரத்தில் இது புதிய தொற்று என்று கொள்ளலாம். வைவாக்ஸில் அப்படிக் கொள்ள முடியாது. முன்பு வேறொரு கொசுக்கடியில் வந்து உறங்கிக் கிடந்த ஹிப்னோசோயிட் இப்போது எழுந்திருக்கலாம். கூறுவகை ஒன்றாகவே இருந்தாலும், சிகிச்சை தோற்றதா, அதே குளோனின் உறங்குநிலை எழுந்ததா, அதே தெருவில் அதே குளோன் மீண்டும் கொசுக்கடி வழியே ஏறியதா என்பதைக் குறியீடுகள் மட்டும் சொல்லாது. பாதி இடங்கள் பொருந்தி, பாதி பொருந்தாமல் இருந்தால் அது ஆய்வகப் பிழை என்று ஒதுக்க வேண்டாம். ஒரே கொசுவில் பிறந்த உடன்பிறப்பு ஒட்டுண்ணிகள் அப்படித்தான் இருக்கும். கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணியை அழிக்கும் பிரைமாகுயினை 14 நாளும் நோயாளி முழுமையாக உட்கொண்டாரா என்பதைச் செவிலியரின் பதிவேட்டில் பார்த்து எழுதுங்கள். கடலுக்குப் போகும் ஒருவர் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவது நடக்கக்கூடியதே, அதற்கு எந்த மரபணுவிலும் தடயம் இருக்காது.

அறிகுறி: எல்லா மாதிரிகளும் கலப்புத் தொற்றாகத் தெரிகின்றன

நோயாளிகள் குறைவாக உள்ள கடற்கரை ஊரில் பத்தில் ஒன்பது பேருக்குப் பல குளோன் தொற்று என்று வந்தால், உச்சிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். தானியங்கி அழைப்பை மட்டும் நம்பியவர்களே இங்கே அதிகம் சிக்குகிறார்கள்.

உண்மையான உச்சிக்கு இடப்பக்கம், ஒரு மீள்வரிசை அலகு குறைவான இடத்தில், படிக்கட்டு போல் இறங்கும் சிறு உச்சிகள் இருந்தால் அவை பாலிமரேஸ் வழுக்கியதால் உண்டான திக்கல் உச்சிகள். இரண்டு அடிமூல அலகு கொண்ட இடங்களில் இவை மிகுதி. மூன்று அடிமூல அலகு உள்ளவற்றில் குறைவு. சரியாக ஒரே அடிமூல இடைவெளியில் இரட்டை உச்சி, கொம்பு போல் பிளந்து தெரிந்தால், டாக் நொதி சில படிகளின் நுனியில் மட்டும் ஓர் அடினைனைச் சேர்த்திருக்கிறது. கடைசி நீட்டிப்பு நேரத்தை 30 முதல் 60 நிமிடம் வரை கூட்டினால் பெரும்பாலும் தீரும். ஒரு நிறத்தில் உச்சி அளவுகடந்து உயர்ந்து, அதே இடத்தில் வேறு நிறத்திலும் ஒரு சிறு உச்சி தலைகாட்டினால் அது நிறக் கசிவு; விளைபொருளை நீர்த்து மீண்டும் ஓட்டுங்கள். இவற்றையெல்லாம் கழித்த பிறகு, முதன்மை உச்சியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருப்பதை மட்டும் இரண்டாம் அல்லீல் என்று கொள்வது வழக்கம். அந்த வரம்பு எதுவாயினும் கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

வைவாக்ஸை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடியாது என்பதால், பால்சிபாரத்துக்கு ஆய்வகத்தில் வளர்க்கப்படும் 3டி7 வகை இருப்பதுபோல் எளிதில் கிடைக்கும் கட்டுப்பாட்டு மாதிரி நமக்கு இல்லை. ஒட்டுண்ணி நிறைந்த, ஒற்றைக் குளோன் என்று உறுதியான ஒரு நோயாளியின் டி.என்.ஏ.வை அவர் இசைவோடு சிறு பங்குகளாகப் பிரித்து உறைநிலையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஓட்டத்திலும் அதைச் சேர்ப்பது நடைமுறைக்கு ஒத்த வழி. அதன் துண்டின் நீளம் ஒரு ஓட்டத்தில் 214 அடிமூலம் என்றும் அடுத்ததில் 215.3 என்றும் வந்தால், மற்ற எல்லா அளவுகளும் அதே திசையில் நகர்ந்திருக்கும். அல்லீல் கட்டங்களை அதற்கேற்ப மாற்றியே வகைப்படுத்த வேண்டும்.

அறிகுறி: நொதி வெட்டிய துண்டுகளின் கூட்டுத்தொகை மூலப்பட்டையைவிடப் பெரிதாக இருக்கிறது

எம்.எஸ்.பி.-3 ஆல்பா மரபணுவை ஏ.எல்.யு.-1 அல்லது எச்.எச்.ஏ.-1 நொதியால் வெட்டிப் பார்ப்போர் இதைக் காண்பர். கலப்புத் தொற்றாகவும் இருக்கலாம், அரைகுறை வெட்டாகவும் இருக்கலாம். நொதியையும் நேரத்தையும் கூட்டி மீண்டும் வெட்டுங்கள்; பெரிய துண்டு தேய்ந்து மறைந்தால் அரைகுறை வெட்டு. எப்படியாயினும் இம்முறை முதல் வடிகட்டலுக்கு மட்டுமே உதவும். அகன்ற கண்ணி வலையில் நெத்திலி நிற்காததுபோல் நுண்ணிய வேறுபாடுகள் இதில் நழுவிவிடும்.

அறிகுறி: வெற்றுக் கட்டுப்பாட்டிலும் பட்டை வருகிறது

இரட்டைச் சுற்று பி.சி.ஆர். செய்யும் இடத்தில் முதல் சுற்றின் விளைபொருள் காற்றில் சிறிது தெறித்தாலே போதும். வினைக்கலவை தயாரிக்கும் அறை, டி.என்.ஏ. சேர்க்கும் இடம், விளைபொருளைத் திறக்கும் இடம் ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். பைபெட்டும் மேலங்கியும் ஓரிடத்திலிருந்து முந்தைய இடத்துக்குத் திரும்பி வரக் கூடாது. தண்ணீரை வெற்றுக் கட்டுப்பாடாக வைத்தால் மட்டும் போதாது. வடிதாளில் வட்டம் வெட்டும் துளைகருவியே ஒருவர் இரத்தத்தை அடுத்தவர் குழாய்க்குக் கொண்டுபோகும். ஒவ்வொரு மாதிரிக்கும் பின் வெறும் தாளில் சில முறை துளைத்து, அந்த வெற்று வட்டங்களில் சிலவற்றை மாதிரியைப் போலவே எண்ணிட்டு முழு வேலைக்கும் உட்படுத்துங்கள்.

இதற்கும் முதல் அறிகுறிக்கும் உறவு உண்டு. ஒரே கூறுவகை கொண்ட மாதிரிகள் ஊரில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கின்றனவா, தட்டில் அடுத்தடுத்த குழிகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழிகளில் என்றால், வடிதாளிலிருந்து புதிதாக டி.என்.ஏ. எடுத்து, வரிசையை மாற்றி வைத்து மீண்டும் செய்ய வேண்டும்.

அறிகுறி: நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி இருந்தது, பி.சி.ஆரில் பட்டையே இல்லை

எடுத்த டி.என்.ஏ.வைப் பத்தில் ஒன்றாக நீர்த்து ஓட்டுங்கள். பட்டை வந்துவிட்டால் இரத்தத்தின் ஹீம் தடுத்துக்கொண்டிருந்தது. பிசின் மணிகளைப் பயன்படுத்தும் கெலெக்ஸ் முறையில் எடுத்திருந்தால், பைபெட் நுனியில் மணிகள் ஒன்றிரண்டு ஏறி வந்திருக்கலாம்; அவை மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு வினையை நிறுத்திவிடும். குழாயை மீண்டும் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். மனித மரபணு ஒன்றுக்கும் பட்டை வராவிட்டால் கோளாறு தாளில் இருக்கிறது.

நம் கடற்கரையில் தாள் கெடுவதற்குக் காற்று ஒன்றே போதும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், துணை சுகாதார நிலையத்தின் சன்னலோரம் கிளிப்பில் மாட்டிய வடிதாள், மாலை வரையிலும் விரல் வைத்தால் குளிர்ச்சியாகவே இருக்கும். துளியின் நடு கறுத்துக் காய்ந்ததுபோல் தோன்றினாலும் விளிம்பில் ஒரு மங்கலான ஈர வளையம் நிற்கும். அந்த நிலையில் உறையிலிட்டு மூடினால் சில நாளில் பூஞ்சை பிடித்து, டி.என்.ஏ. துண்டுதுண்டாகிவிடும், அப்போது குறுகிய இடங்கள் பெருகும், நீண்ட இடங்கள் பெருகாது. அட்டவணையில் நீண்ட இடங்களில் மட்டும் விடுபாடுகள் குவிந்திருந்தால் இதுவே காரணம், அதை 'வெற்று அல்லீல்' (பி.சி.ஆரில் பெருகாத வடிவம்) என்று கணக்கிட்டு அமைப்பைத் தேட வேண்டாம். வெயிலில் வைத்தும் காயவைக்கக் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில், ஓர் இரவு முழுவதும் கிடைமட்டமாக வைத்து, மறுநாள் ஒவ்வொரு தாளையும் தனித்தனி உறையில் சிலிக்கா ஜெல்லோடு போட வேண்டும். நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் அன்றே மாற்றுங்கள். தாள் காயும் மேசையின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் எறும்புகள் இரவோடிரவாக இரத்தத் துளியை அரித்து, தாளில் ஊசித்துளைகளை மட்டும் விட்டுவைக்கும்.

எண்ணை வடிதாளில் பென்சிலால் எழுத வேண்டும். பேனா மை ஈரத்தில் பரவி 3-உம் 8-உம் ஒன்றாகிவிடும். அதே எண் கண்ணாடித் தகட்டிலும், படிவத்திலும், பதிவேட்டிலும் இருக்கிறதா என்று அந்த ஊரைவிட்டுக் கிளம்பும் முன் இருவர் சேர்ந்து உரக்கப் படித்துச் சரிபார்க்க வேண்டும். நோயாளியின் பெயர் ஆய்வகத்துக்கு வரும் எந்தத் தாளிலும் இருக்கக் கூடாது.